கயிறு பார்க்கப் போன ஞாயிறுகள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் இன்றுவரை எனக்குத் தகராறுதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பழைய ஆட்கள் எல்லாரும் கூடினோமே, அப்போது ஆளுக்கு ஒரு கதை சொன்னீர்கள். என் முறை வந்ததும் நான் டீ எடுத்துவரப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அது பிறவியில் வந்ததில்லை, ஒரு காரணம் உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

துரையின் படகு உங்களுக்கு நினைவிருக்கும். அணைத் தண்ணீர் நம் தேயிலைச் சரிவின் அடிவரைக்கும் வந்து நிற்குமே, அங்கே தகரக் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்டிருந்த வெள்ளைப் படகு. முன்னாலிருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. ஒரே ஒரு பாய், ஒரு மரம், ரெண்டு பேர் உட்காரலாம். நாம் அதற்குள் உட்கார்ந்து விளையாடி, காவல்காரரிடம் அடி வாங்கியிருக்கிறோம். எழுபதுகளில் புதிதாக வந்த துரைக்கு அந்தப் படகின் மேல் ஆசை வந்துவிட்டது. பக்கத்து எஸ்டேட் துரைகளிடமும் அப்படிப் படகு இருந்தது. மழை முடிந்து வெயில் தெளிகிற நாளில் எல்லாரும் அணையில் பாய் விரித்துப் பந்தயம் விடுவார்கள்.

படகுக்குப் புதுப் பாய் தைத்தார்கள், வண்ணம் அடித்தார்கள். கயிறுதான் சரிவரவில்லை. துரை ஸ்டோரிலிருந்து புது நைலான் கயிறு எடுத்துக் கட்டினார். பளபளவென்று நீல நிறம். முதல் நாளே மானம் போயிற்று. மேலே இழுத்துக் கட்டிய பாய், காற்று அடிக்க அடிக்க, கயிறு ரப்பர் மாதிரி நீண்டு, நனைந்த பாவாடையாகத் தொங்கியது. கையில் பிடிக்கும் கயிறோ ஈரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது. கரையில் கொழுந்து மூட்டையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துரைக்கு அது கேட்டுவிட்டது.

என் அப்பா ஃபேக்டரியில் வேலை. அதற்கு முன்னால், வாலிபத்தில், மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை அடிவாரத்துக்கு இறக்கும் கம்பிவடத்தில் வேலை பார்த்தவர். கயிறு தெரிந்த ஆள் யார் என்று துரை கேட்க, கணக்குப்பிள்ளை அப்பாவைக் காட்டிவிட்டார். துரை அப்பாவைக் கூப்பிட்டு ரெண்டு விஷயம் சொன்னாராம். நல்ல கயிறாகப் பார்த்து வா, பந்தயத்தில் நீதான் கயிறு பிடிக்க வேண்டும். ரெண்டாவது, என்ன கயிறு என்று ஒருத்தரிடமும் மூச்சு விடாதே, மற்ற எஸ்டேட் ஆட்கள் காதுக்குப் போய்விடும்.

அப்பா சொன்ன சொல்லைத் தப்பாத மனுஷன். ஒருத்தரிடமும் என்றால் ஒருத்தரிடமும்தான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, "போடிக்குப் போறேன், கயிறு பார்க்கணும்" என்பார். அவ்வளவுதான். சாயங்காலம் கடைசி பஸ்ஸில் வெறுங்கையோடு வருவார். அடுத்த ஞாயிறும் அதேபோல். அதற்கு அடுத்ததும்.

"மூணு ஞாயிறா கயிறு பார்க்கிறாராம்ல மதினி?" பக்கத்து வீட்டு அத்தை குழாயடியில் வைத்து அம்மாவைக் கேட்டாள். "அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்குற கயிறு ஒலகத்துல ஒண்ணுதான் இருக்கு. மஞ்சக் கயிறு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிய சத்தத்தில் தெரிந்தது, அது சிரிப்பு இல்லை என்று.

அம்மாவின் சந்தேகத்தைத் தப்பு என்று இப்போது சொல்ல மாட்டேன். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ஏலக்காய்க்குச் சாக்கு வாங்கப் போகிறேன் என்று ஞாயிறுதோறும் போடிக்கு இறங்கியவர். நாலு வருஷம் கழித்து அங்கே ஒரு வீடும் ரெண்டு பிள்ளைகளும் இருந்தது வெளியே வந்தது. அந்தப் பெரியம்மா எங்கள் வீட்டில் வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுததை நானே பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குப் போடி என்றால் ஊர் இல்லை, ஆம்பளைகளை விழுங்குகிற வாய்.

அதற்கு மேல் ஒரு நாள் அழுக்குச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சாண் கயிறு கிடைத்தது. வெள்ளை நூல் கயிறு, மெத்தென்று, குழந்தை விரல் மாதிரி. அம்மா அதை மோந்து பார்த்தாள். நானும் மோந்து பார்த்தேன். பருத்தி வாசமும், அதற்குள் வெற்றிலை வாசமும் இருந்தது. அப்பா வெற்றிலை போட மாட்டார்.

நாலாவது ஞாயிறு அம்மா எனக்கும் தலை சீவி விட்டாள். "இவனையும் கூட்டிட்டுப் போங்க. ஊர் பார்த்ததே இல்லைன்னு அழுவுறான்" என்றாள். நான் அழவே இல்லை. அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி வாலே, ரயில் காட்டுறேன்" என்றார். போடிக்கு ரயில் வரும். நம்மில் யாரும் அதுவரை ரயில் பார்த்ததில்லை.

நான் செருப்பு மாட்டும்போது அம்மா குனிந்து காதில் சொன்னாள். "எங்க போறாரு, யாரப் பார்க்கிறாரு, என்ன பேசுறாரு, எல்லாம் வந்து சொல்லணும். என் தங்கம்ல. அப்பாவுக்குத் தெரியக் கூடாது." அதுவரை எனக்கு யாரும் இவ்வளவு பெரிய வேலை கொடுத்ததில்லை. பஸ்ஸில் மலை இறங்கும்போது மற்ற பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். ஒரு தடவை யாருக்கோ கை காட்டினார், அது யார் என்று கேட்டேன். "எனக்கே தெரியலடா, அந்தாளு காட்டினாரு, நானும் காட்டினேன்" என்றார். அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. மாட்டுக் கயிறு, வண்டிக் கயிறு, கமலை வடம் எல்லாம் வாசலில் பாம்பு பாம்பாகத் தொங்குகிற கடை. அப்பா வழி கேட்காமல் நேராக அங்கே போனார். உள்ளே ஒரு பெண் கால் பெருவிரலில் புரியை மாட்டிக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வெற்றிலைக் கறை பல் தெரியச் சிரித்தாள்.

"வாங்க படகுக்காரரே! போன துண்டு என்னாச்சு?"

"தண்ணியில ஒரு நாள் ஊறப் போட்டேன்க்கா. ஊதிப் போய் கப்பியில சிக்கிக்கிச்சு."

"அதான் சொன்னேன்ல, மெல்லிசாப் போடலாம்னு. நீங்கதான் கேக்கல."

"மெல்லிசாப் போட்டா காத்து இழுக்கையில கையை அறுக்குமேக்கா."

இந்தப் பேச்சுத்தான் அங்கே மூன்று ஞாயிறும் நடந்திருக்கிறது. இப்போது எனக்குப் புரிகிறது, அப்போது அலுப்பாக இருந்தது. படகுக்கு ஓடுகிற கயிறு ரெண்டு. ஒன்று பாயை மேலே ஏற்றுகிற கயிறு. அதை ஏற்றிக் கட்டிவிட்டால் பிறகு கை படாது. ஆனால் நீளவே கூடாது. அதற்குக் கற்றாழை நாரில் இறுக்கி முறுக்கிய கயிறு என்று ரெண்டாவது ஞாயிறே முடிவாகிவிட்டதாம். தேங்காய் நார் வேண்டாம், முடி கொட்டும். சணல் வேண்டாம், ஒரு மழையில் மக்கும். தகராறு ரெண்டாவது கயிற்றில்தான். பாயின் ஓரத்தில் கட்டி, கப்பி என்கிற உருளை வழியாக வந்து, ஆள் கையில் பிடித்து இழுத்தும் விட்டும் காற்றைச் சமாளிக்கிற கயிறு. கைக்கு நூல் கயிறு மாதிரி சுகம் எதிலும் இல்லை. ஆனால் நூல் நனைந்தால் பருக்கும். பருத்தால் கப்பியில் சிக்கும். காற்று ஒரேயடியாக வரும்போது கயிறு சிக்கினால் படகு கவிழும். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. நம் லயத்தில் யாருக்குத்தான் தெரியும்?

"கப்பிக்கு மெல்லிசு வேணும், கைக்குத் தடிசு வேணும்" என்றாள் அந்த அக்கா. "நடுவுல ஒரு அளவு இருக்கு. ஒங்க கைதான் சொல்லணும். இங்க கொடுங்க."

அப்பா கையை நீட்டினார். அவள் அவர் உள்ளங்கையைத் தன் இடது கையில் ஏந்திக்கொண்டு, தன் வலது சுண்டுவிரலை அதன் குறுக்கே வைத்தாள். "மூடிப் பிடிங்க. இறுக்கி. இப்ப நான் இழுக்கிறேன், விடாதீங்க." அப்பா பிடித்தார். அவள் இழுத்தாள். அவர் கட்டைவிரல் நுனி எங்கே வந்து நிற்கிறது என்று குனிந்து பார்த்தாள். பிறகு மோதிர விரலை வைத்தாள். மறுபடி இழுத்தாள். "சுண்டுவிரல் கனம் போதும். இதுக்கு மேல வேணாம். தேன்மெழுகு தேய்ச்சிருங்க, தண்ணி குடிக்காது" என்றாள். அந்த அளவில் புதுக் கயிறு முறுக்கித் தர ரெண்டு மணி நேரம் ஆகும் என்றாள். அப்பா திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ரயில் என்றேன். போகலாம் என்றார். மறுபடி ரயில் என்றேன். அவர் கயிறு முறுக்குவதையே பார்த்துக்கொண்டு, "இந்தா போயிரலாம்" என்றார். வெயில் சந்துக்குள் இறங்கி, ஏறி, போயே விட்டது. தூரத்தில் ரயில் ஊதியது. ஒரு தடவை நீளமாக, ஒரு தடவை குட்டையாக. அப்பா என்னைப் பார்த்து, "அடடா" என்றார். அந்த அடடாவை நான் மன்னிக்கவில்லை.

மேலே ஏறும்போது போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் அரிசி கடத்துகிறார்களா என்று ஒவ்வொரு பையையும் குத்திப் பார்ப்பார்களே. ஒரு மலையாளப் போலீஸ்காரர் அப்பாவின் கயிற்றுச் சுருளுக்குள் கம்பியை விட்டுக் கிளறினார்.

"இதெந்தா?"

"கயிறு சார்."

"கயறு எனிக்கு மனசிலாயி. எந்தினா?"

"படகுக்கு."

"மலையுடெ மேலே வள்ளமோ?" மலைக்கு மேலே படகா என்று அவர் மற்றவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "சத்யம் பறயடோ."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. துரைக்குக் கொடுத்த வாக்கு. பஸ் முழுக்க எங்களுக்காகக் காத்து நின்றது. கடைசியில் கயிற்றை அவிழ்த்து, சுற்றி, அரிசி ஒன்றும் விழாததால் விட்டார்கள். உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் நிற்கிற ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, ரயில் ஊதினதுதான் காதில் இருந்தது.

மறுநாள் அப்பா ஃபேக்டரிக்குப் போனதும் அம்மா என்னை அடுப்படியில் உட்கார வைத்தாள். கடலை உருண்டை கொடுத்தாள்.

"எங்க போனீங்க?"

"ஒரு கடைக்கு."

"கடையில யாரு?"

"ஒரு அக்கா."

அம்மா சுள்ளியை உடைத்துக்கொண்டே கேட்டாள். "எப்படி இருப்பா?"

"சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"சாயங்காலம் வரைக்கும். அதனாலதான் ரயில் பார்க்கல."

"ரெண்டு பேரும் தொட்டுப் பேசுனாங்களா?"

நான் உருண்டையைக் கடித்தேன். "அந்த அக்கா அப்பா கையைப் பிடிச்சுப் பார்த்தாங்க."

"பிடிச்சாளா?"

"ஆமா. அப்பாவும் அவங்க விரலை இறுக்கிப் பிடிச்சாரு."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எதற்குப் பிடித்தாள் என்பதையும், அவளுக்கு அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும், பாதித் தலை நரைத்திருந்தது என்பதையும் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொல்லலாமா என்று நினைத்தேன், ரயில் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வஞ்சம் இருக்குமா என்று கேட்பீர்கள். இருந்தது.

அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்தாள். தகரப் பெட்டியை எடுத்தாள். கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த மாமா வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "நீ இங்கேயே இரு. இன்னும் என்ன நடக்குதுன்னு பார்த்துச் சொல்லு" என்றாள். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மத்தியானத்துக்குள் மேல் லயம் கீழ் லயம் எல்லாம் தெரிந்துவிட்டது. உங்கள் வீடுகளிலும் பேசியிருப்பீர்கள்.

அப்பா சாயங்காலம் வந்து, வெறும் வீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"அம்மாட்ட என்னலே சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

இது முழுப் பொய்.

மறுநாளே அப்பா மாமா வீட்டுக்குப் போனார். கயிறு பார்க்கத்தான் போனேன் என்று சொன்னாராம். மாமா வாசலிலேயே நிறுத்தி, "எந்த மடையன் மச்சான் நாலு ஞாயிறு கயிறு பார்ப்பான்? வேற நல்ல கதையாச் சொல்லுங்க" என்றாராம். போடிக்குப் போய் அவளைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கேட்கிறேன் என்றும் சொன்னாராம். அப்பா திரும்பி வந்து சோறு வடித்தார். குழைந்துபோயிருந்தது, ரெண்டு பேரும் அதையே தின்றோம். பிறகு அவர் கொட்டகையில் உட்கார்ந்து கயிற்றுக்கு மெழுகு தேய்த்தார். நுனி பிரியாமல் இருக்க மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினார். ஒவ்வொரு சுற்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, எண்ணினால் எண்ணலாம். 

பந்தய நாளில் நீங்களெல்லாம் கரையில் நின்று கத்தினீர்கள். நானும் நின்றேன். துரை சுக்கான் பிடிக்க, அப்பா கயிறு பிடித்தார். காற்று மலை இடுக்கிலிருந்து ஒரேயடியாக வந்து படகைச் சாய்த்தபோது எனக்கு உயிர் போயிற்று. அப்பா கயிற்றை விட்டார், அது கப்பியில் சிக்காமல் தண்ணீர் மாதிரி ஓடியது. படகு நிமிர்ந்தது. மறுபடி இழுத்துப் பிடித்தார். ரெண்டாவதாக வந்தார்கள். துரை அப்பா தோளில் தட்டினார். அப்பா கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். அம்மா வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அம்மா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. அப்பா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பாதையில் நின்று என்னைக் கூப்பிட்டாள். "மாமா போறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அவளப் பார்க்கணும். வந்து அந்தக் கடையைக் காட்டு."

போடியில் இறங்கினோம். வேண்டுமென்றே வேறு வேறு தெருவில் கூட்டிப்போனேன். பித்தளைக் கடைத் தெரு, வத்தல் மண்டி, மறுபடி பித்தளைக் கடை. அம்மா தெருமுனைப் பிள்ளையார் கோயில் முன்னால் நின்றுவிட்டாள்.

"இந்தப் பிள்ளையாரை மூணு தடவை சுத்திட்டோம். எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லை. கடை எங்க?"

காட்டினேன்.

அந்த அக்கா புரி முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அட, படகுக்காரர் மகனா! அப்பா வரலையா? கப்பியில கயிறு ஓடுதா?" என்றாள். நரைத்த தலையையும் கறைப் பல்லையும் அம்மா பார்த்தாள். ஆனாலும் முகம் இளகவில்லை. "மாட்டுக்குக் கயிறு வேணும்" என்றாள். எங்களுக்கு மாடு கிடையாது.

"பசுவா, காளையா?"

"பசு."

"ஓடுற பசுவா? யாரு பிடிச்சுக் கட்டுறது, நீங்களா? கையைக் கொடுங்க."

அம்மா கையை நீட்டவில்லை. அவளாகவே எட்டி அம்மாவின் உள்ளங்கையை எடுத்து ஏந்தி, கட்டைவிரலைக் குறுக்கே வைத்தாள். "இறுக்கிப் பிடிங்க தாயி. நான்தான் பசு, இழுக்கிறேன், விட்டுராதீங்க." இழுத்தாள். குனிந்து பார்த்தாள். "கொழுந்து கிள்ளுற கையா? விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கு. பிடி நல்லாத்தான் இருக்கு. கட்டைவிரல் கனம் எடுத்துக்கங்க."

அம்மா கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறந்து நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "எல்லாருக்கும் இப்படித்தான் பார்ப்பீங்களா?"

"பின்ன? கையைப் பார்க்காம கயிறு விக்கிறவன் திருடன்."

அம்மா மாட்டுக் கயிறு வாங்கினாள். சந்து முனைக்கு வந்தோம். அங்கே நின்று, "அவருக்கும் இப்படித்தான் பார்த்தாளா?" என்றாள்.

"ஆமா."

"அதை ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண் திறந்தபோது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போடிக்குப் போகிற அப்பாவை அவள் பார்த்த அதே பார்வை. அன்று ஸ்டேஷனில் ரயில் நின்றிருக்க வேண்டும், புகை தெரிந்தது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அம்மா மாமா வீட்டுக்குப் போய்த் தங்கச்சியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா மாட்டுக் கயிற்றை வாங்கிப் பார்த்தார், முறுக்கைத் தடவினார். "நல்ல கயிறு. மாடு எங்க?" என்றார். "வரும்" என்றாள். ரெண்டு வருஷம் கழித்து ஒரு பசு வந்தது. அவர்கள் ரெண்டு பேருக்குள் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அப்பாவிடம் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

ஆனால் என்னிடம் அவள் அதற்குப் பிறகு எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. பாசத்துக்குக் குறைவில்லை, முதல் சோறு எனக்குத்தான். கேட்பது மட்டும் நின்றுவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்கு மணி அடித்ததா என்றுகூட பக்கத்து வீட்டில் போய்க் கேட்பாள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளையின் ஊரிலேயே வேலை பார்த்த என்னை விட்டுவிட்டு, தானே பஸ் ஏறி விசாரிக்க வந்தாள். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகல் முழுக்க நான் பக்கத்தில் இருந்தேன். அவள் வந்ததும் என்னைத் தாண்டிப் போய், டாக்டர் என்ன சொன்னார் என்று நர்ஸிடம் கேட்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன். "இருடா, அந்தப் பிள்ளை சொல்லட்டும்" என்றாள்.

அவளுக்குக் கண் மங்கிய கடைசி வருஷங்களில் என்னோடுதான் இருந்தாள். ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். தகரக் கூரையில் சத்தம் கேட்டால், மழையா, காற்றில் இலை விழுகிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வரும். மழைதான்மா என்பேன். அவள் தலையாட்டுவாள். ஆட்டிக்கொண்டே ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, நனைகிறதா என்று பார்ப்பாள்.

புரட்டாசி பதினொன்று, திங்கட்கிழமை.